ஆடிக்காற்று குடித்த தண்ணீர்

என் அமுச்சி (அம்மாவின் அம்மா) வீட்டுத் தொண்டுப்பட்டியில் மாடுகளுக்கென்று ஒரு கல்தொட்டி இருந்தது. ஒரு ஆடிப்பெருக்கு விடுமுறையில் நான் அங்கே போயிருந்தபோது மாடுகளை வேறு காட்டுக்கு ஓட்டியிருந்தார்கள். தொட்டியில் தண்ணீர் நின்ற இடத்தில் கரித்துண்டால் ஒரு கோடு போட்டேன். மூன்றாம் நாள் பார்த்தால் தண்ணீர் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. அந்த மூன்று நாளும் வானம் மூடியே கிடந்தது. தொட்டியில் விரிசல் இருக்குமோ என்று அடியில் கைவைத்துப் பார்த்தேன். மண் புழுதியாகக் காய்ந்திருந்தது. காற்று குடித்திருக்கும் என்றார் அமுச்சி. அது எவ்வளவு சரியான விளக்கம் என்பது எனக்குப் பல ஆண்டுகள் கழித்தே புரிந்தது.

தண்ணீர் ஆவியாக அது கொதிக்க வேண்டியதில்லை. அதன் மூலக்கூறுகள் ஓயாமல் அசைந்துகொண்டிருக்கின்றன, ஆனால் எல்லாம் ஒரே வேகத்தில் அல்ல. மேற்பரப்பில் இருப்பவற்றுள் வேகம் மிகுந்தவை அண்டை மூலக்கூறுகளின் பிடியை அறுத்துக்கொண்டு காற்றில் கலந்துவிடுகின்றன. நடு இரவிலும், மார்கழிக் குளிரிலும் இது நடக்கிறது. வேகமானவை போய்விடுவதால் மிச்சத் தண்ணீரின் சூடு குறைகிறது. ஒரு கிராம் தண்ணீர் ஆவியாகச் சுமார் 580 கலோரி வெப்பம் வேண்டும். அதே ஒரு கிராமை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கலோரி போதும். விடியற்காலையில் தொட்டித் தண்ணீரில் கைவிட்டால் சில்லென்று இருப்பதில் இதற்கும் பங்கு உண்டு. மண்பானையும் இதைத்தான் செய்கிறது: அதன் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகிறது. காற்றில் ஈரம் மிகுந்த சென்னையைவிட, காய்ந்த காற்றுள்ள ஈரோட்டுக் கோடையில் பானைத் தண்ணீர் நன்றாகக் குளிர்வது இதனால்தான்.

வெளியேறிய மூலக்கூறுகள் எல்லாம் போனது போனதுதான் என்றும் இல்லை. தண்ணீருக்கு மேலே உள்ள காற்றிலிருந்து பல மூலக்கூறுகள் திரும்பி வந்து விழுகின்றன. வெளியேறுவதும் திரும்புவதும் சமமாகிவிட்டால் மட்டம் இறங்காது. மூடி போட்ட போசிப் பாத்திரத்துக்குள் நடப்பது அதுதான். மூடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்கும் துளிகளே சாட்சி. ஆவியாதலின் வேகத்தைத் தீர்மானிப்பது, நீர்ப்பரப்பின் ஆவியழுத்தத்துக்கும் (நீராவி கொடுக்கும் அழுத்தம்) அதன்மேல் உள்ள காற்றின் ஆவியழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம் என்று ஜான் டால்டன் 1802ஆம் ஆண்டு காட்டினார். அவர் வாழ்ந்த ஊர் மான்செஸ்டர். தென்னிந்தியாவின் மான்செஸ்டர் என்று பெயர் வாங்கிய கோவைக்கு அவருடைய விதி இவ்வளவு பொருந்துவதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று மழையின் பெரும்பகுதியைக் கேரளத்தில் கொட்டிவிட்டு, இந்த வாசல் வழியாக நம் பக்கம் வேகமெடுத்து வருகிறது. பல்லடத்திலும் உடுமலையிலும் காற்றாலைகளைச் சுழற்றுவதும் அதே காற்றுதான். தொட்டியின்மேல் படிந்து நிற்கும் ஈரக்காற்றை அது நிற்கவிடுவதில்லை. ஈரம் குறைந்த புதுக்காற்று அந்த இடத்துக்கு வந்துகொண்டே இருப்பதால், வெளியேறிய மூலக்கூறுகள் திரும்பி விழும் வாய்ப்பு குறைந்துபோகிறது. வெயில் இல்லாத ஆடியிலும் தொட்டி வற்றுவது இப்படித்தான். ஐப்பசி அடைமழையில் காற்றே ஈரத்தால் நிறைந்திருக்கும்; அப்போது கொடியில் போட்ட துணியும் காய்வதில்லை, தொட்டியில் மட்டமும் இறங்குவதில்லை.

பாத்திரத்தின் வாய் அகலத்தைத்தான் நாம் போதிய அளவு கவனிப்பதில்லை. ஒரு சதுர மீட்டர் நீர்ப்பரப்பில் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் ஒரு லிட்டர் போயிற்று என்று பொருள். நாளுக்கு 5 மில்லிமீட்டர் இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அரை மீட்டர் வாயுள்ள அண்டாவிலிருந்து ஏறக்குறைய ஒரு லிட்டர் போகும். 12 சென்டிமீட்டர் வாயுள்ள குடத்திலிருந்து 60 மில்லிகூடப் போகாது. குடத்தின் கழுத்துக்குள் காற்று தேங்கி நிற்பதால் உண்மையில் அதைவிடவும் குறைவு. ஒரு சதுர மீட்டர் வாயுள்ள தொட்டியைத் திறந்தே போட்டுவிட்டு, எட்டு நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் வீட்டில் அதற்குள் 40 லிட்டர் காணாமல் போயிருக்கும். கிட்டத்தட்ட மூன்று குடம்! குடத்துக்குக் குறுகிய கழுத்து வைத்த கைகளை நான் மனதார வணங்குகிறேன்.

போவது தண்ணீர் மட்டும்தான். ஆழ்துளைக் கிணற்று நீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் போகாமல் தங்கிவிடுகின்றன. அதனால் மிஞ்சும் நீர் நாளுக்கு நாள் கடுமையாகிறது, பாத்திரத்தின் உட்சுவரில் வெள்ளை வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகப் படிகின்றன. கூர்ந்து பார்த்தால் மட்டம் நின்று நின்று இறங்கிய கதை அவற்றில் தெரியும்.

அந்த வளையங்களுக்கு அருகில் வேறொன்றும் ஒட்டியிருக்கலாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்தை ஒட்டிய சுவர்ப்பகுதியில் முட்டையிடுகிறது. தண்ணீர் முழுவதும் வற்றினாலும் அந்த முட்டைகள் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் தொட்டவுடன் பொரிக்கும். எனவே வற்றிய தொட்டியில் அப்படியே தண்ணீர் பிடிக்காதீர்கள். அமுச்சி ஒவ்வொரு முறையும் தேங்காய்நாரில் சாம்பலைத் தொட்டு, அந்த வெள்ளைக் கோடுகள் மறையும்வரை தொட்டியின் உட்சுவரைச் சுற்றிச் சுற்றித் தேய்த்துக் கழுவிய பிறகுதான் அடுத்த குடத்தைச் சாய்ப்பார்.