ஆன்லைனில் பப்ளிக் ஸ்பீக்கிங்: மார்க் போவது மேடைப் பயத்தால் அல்ல

அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜ்களில் (பெரும்பாலும் இரண்டாண்டுப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரிகள்) பட்டப்படிப்பை நோக்கிப் போகும் பலரும் தாண்டியாக வேண்டிய பாடம் பப்ளிக் ஸ்பீக்கிங். டெக்சஸில் எஸ்பிசிஎச் 1315, கலிஃபோர்னியாவில் 2025 இலையுதிர் பருவத்திலிருந்து காம் சி1000 என்று அதற்கு எண். எச்1பி போன்ற வேலை விசாக்காரரின் குடும்பத்தினருக்கான எச்4 விசாவில் வந்து படிப்பைத் தொடர்பவர்கள், பள்ளியில் இருக்கும்போதே கல்லூரிப் பாடமும் எடுக்கும் பிள்ளைகள் என நம்மவர்களும் இந்த வகுப்பில் சேர்கிறார்கள். ஆன்லைனில் எடுத்தால் யார் முன்னாலும் நிற்க வேண்டாம் என்று நம்பிச் சேர்வதுதான் முதல் பிசகு. கம்யூனிட்டி காலேஜிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு மாறுவோருக்கான கலிஃபோர்னியாவின் விதி, நேரிலோ இணையவழியிலோ பிறர் முன்னிலையில் பேச வேண்டும் என்று கேட்கிறது. மற்ற மாநிலங்களிலும் வீட்டில் நாலு பேரை உட்கார வைத்துப் பேசச் சொல்லும் வகுப்புகள் உண்டு.

இந்த வகுப்பில் தொடக்கத்திலேயே மார்க் இழப்பவர்களைப் பார்த்தால், கை கால் உதறியதால் இழந்தவர்கள் குறைவு. கேட்க ஆள் சேரவில்லை, வீடியோவில் கால் தெரியவில்லை, அனுப்பிய லிங்க் திறக்கவில்லை. காரணங்கள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். இவை எல்லாவற்றையும் முதல் வாரத்திலேயே சரிசெய்துவிடலாம்.

பதிவு செய்யும் முன் வகுப்பு ‘சிங்க்ரனஸ்’ வகையா, ‘ஏசிங்க்ரனஸ்’ வகையா என்று பாருங்கள். முதலாவதில் குறித்த நாள், குறித்த நேரத்தில் ஜூமில் இருந்தாக வேண்டும். இரண்டாவதில் நேரம் உங்கள் கையில், ஆனால் பேச்சைப் பதிவு செய்து அனுப்ப வேண்டும். அடுத்து, எத்தனை வாரம்? 3 கிரெடிட் பாடத்துக்கு 16 வாரப் பருவத்தில் வாரம் 9 மணி நேரம் என்பது பொதுக் கணக்கு. அதே பாடம் 8 வாரத்தில் என்றால் வாரம் 18 மணி நேரம். வேலைக்கும் போய்க்கொண்டு முதன்முறையாக ஆங்கிலத்தில் பேசப் பழகுகிறவர்கள் 8 வார வகுப்பைத் தொடாமல் இருப்பது நல்லது.

எஃப்1 விசா மாணவர்கள் கூடுதலாக ஒன்று கவனிக்க வேண்டும். முழுநேரப் படிப்புக்கான கணக்கில் ஒரு பருவத்துக்கு ஒரே ஒரு ஆன்லைன் பாடம், அதாவது 3 கிரெடிட் வரைதான் சேரும். அந்த இடத்தை ஏற்கெனவே வேறொரு பாடத்துக்குக் கொடுத்திருந்தால், இதை வளாகத்தில் எடுங்கள். எதுவானாலும் கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தைக் கேட்காமல் பதிவு செய்ய வேண்டாம்.

வகுப்பு தொடங்கிய அன்றே, பாடங்களும் வேலைகளும் இருக்கும் கல்லூரி இணையதளமான கேன்வாஸில் நுழைந்து பாருங்கள், ஆனால் பார்த்தால் மட்டும் போதாது. வெறுமனே லாகின் செய்வது வருகையாகாது என்பது மத்திய அரசின் நிதியுதவி விதியிலேயே இருக்கிறது. அறிமுகப் பதிவு எழுத வேண்டும், அல்லது சிறு வினாத்தாளை முடிக்க வேண்டும். முதல் வாரத்தில் எதுவும் செய்யாதவரின் பெயரை ஆசிரியர் நீக்கிவிடலாம். காத்திருப்புப் பட்டியலில் ஆள் இருந்தால் அந்த இடம் திரும்பக் கிடைக்காது. திக்குவாய் போன்ற சிரமம் உள்ளவர்கள் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்தில் இதே வாரம் விண்ணப்பியுங்கள். பேச்சுக்குக் கூடுதல் நேரம் கேட்கலாம், ஆனால் முடிந்துபோன பேச்சுக்குப் பின்தேதியிட்டுச் சலுகை வராது.

பிறகு சிலபஸை அச்செடுத்து, கையில் பேனாவோடு படியுங்கள். பார்வையாளர் எத்தனை பேர், அவர்கள் 18 வயது தாண்டியவர்களா, பேச்சுக்கு முன்னும் பின்னும் கேமராவைத் திருப்பி அவர்களைக் காட்ட வேண்டுமா, ஜூம் வழியாக உட்கார்ந்தால் ஏற்பார்களா, குறிப்பு அட்டை எத்தனை, வீடியோவை வெட்டி ஒட்டலாமா என்று ஒவ்வொன்றாகக் கோடிடுங்கள். அநேகமாக வெட்டி ஒட்ட அனுமதி இருக்காது. ஒரே மூச்சில் எடுத்ததாக இருக்க வேண்டும்.

ஆள் சேர்ப்பதுதான் உண்மையான தலைவலி. ஐந்து பெரியவர்கள் வேண்டும் என்று சிலபஸ் சொன்னால் ஏழு பேரிடம் சொல்லி வையுங்கள். கெடு முடியும் ஞாயிற்றுக்கிழமை இரவை நம்பாமல் இரண்டு நாள் முன்னதாக நாள் குறியுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள், கணவரின் அலுவலக நண்பர்கள், வார இறுதித் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைக்காகக் காத்திருக்கும் பெற்றோர் என யாரையும் கேட்கலாம். ஒரு காபி, ஒரு தட்டு பஜ்ஜி இருந்தால் யாரும் மறுக்க மாட்டார்கள். உங்கள் பத்து வயது மகன் கணக்கில் வரமாட்டான். சோபாவில் வரிசையாக வைத்த பொம்மைகளும் வரா.

பதிவுக்கு விலையுயர்ந்த கேமரா தேவையில்லை, போன் போதும். அதைப் படுக்கை வாக்கில், உங்கள் மார்பு உயரத்தில், ட்ரைபாடிலோ புத்தக அடுக்கிலோ நிறுத்துங்கள். தலை முதல் கால் வரை தெரிய வேண்டுமானால் 8 முதல் 10 அடி தள்ளி நிற்க வேண்டியிருக்கும். அவ்வளவு தூரத்தில் போனின் மைக் உங்கள் குரலைவிட ஏசி சத்தத்தையும் ஃபிரிட்ஜ் இரைச்சலையும் நன்றாகப் பிடிக்கும். சட்டையில் மாட்டும் சாதாரண மைக் ஒன்று இருந்தால் இந்தத் தொல்லை பாதி தீரும். ஜன்னல் உங்கள் முதுகுப் பக்கம் இருந்தால் முகம் கருநிழலாகிவிடும், அதனால் வெளிச்சத்தைப் பார்த்து நில்லுங்கள். பார்வையாளர்களைக் கேமராவுக்கு இரு பக்கமும், சற்றே பின்னால் உட்கார வையுங்கள். அப்போதுதான் அவர்களைப் பார்த்துப் பேசும்போது ஆசிரியரையும் பார்ப்பது போலிருக்கும். போனை ஏரோபிளேன் மோடில் போட மறந்தால், நான்காவது நிமிடத்தில் ஊரிலிருந்து அம்மா அழைப்பார்.

முதலில் 30 விநாடி பேசிப் பதிவு செய்து, ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். 4கே வேண்டாம். ஐபோனில் 1080பி, விநாடிக்கு 30 ஃபிரேம் அமைப்பில் ஒரு நிமிடத்துக்குச் சுமார் 60 எம்பி. 4கே, அதே 30 ஃபிரேமில் சுமார் 170 எம்பி. ஆறு நிமிடப் பேச்சுக்கு 360 எம்பியா, ஆயிரம் எம்பியா என்பது இரவு 11.40-க்குத் தரவேற்றும்போதுதான் உறைக்கும்.

இனிப் பேச்சு. நம் பள்ளிப் பேச்சுப் போட்டிகளில் வளர்ந்தவர்களுக்கு இங்கேதான் பெரிய சறுக்கல். எழுதி, மனப்பாடம் செய்து, ஒரே மூச்சில் ஒப்பிப்பதைத்தான் அங்கே திறமை என்று கற்றுக்கொண்டோம். இந்த வகுப்பில் அதற்கு மார்க் குறையும். இவர்கள் கேட்பது ‘எக்ஸ்டெம்போரேனியஸ்’ முறை: நன்றாகத் தயாரித்து, குறிப்புச் சொற்களை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் வாயில் வரும் வாக்கியங்களில் பேசுவது. தயாரிப்பே இல்லாமல் பேசுவது இதுவல்ல, அதற்கு ‘இம்ப்ராம்ப்டு’ என்று தனிப்பெயர் உண்டு. மனப்பாடத்தில் இன்னொரு ஆபத்து, ஒரு சொல் மறந்தால் அடுத்த பத்தியே போய்விடும். கேமராவுக்குப் பின்னால் தாள் ஒட்டிப் படிக்கலாம் என்று நினைக்காதீர்கள். கண் இடமிருந்து வலமாக ஓடுவதை ஆசிரியர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

அவுட்லைன், அதாவது பேச்சின் சட்டகம், இரண்டு எழுதுங்கள். ஒன்று முழு வாக்கியங்களில், ஆசிரியருக்குக் கொடுப்பதற்கு. மற்றது 3-க்கு 5 அங்குல அட்டையில், ஒரு கருத்துக்கு இரண்டு மூன்று சொல் மட்டும், உங்களுக்கு. நிமிடத்துக்கு 130 சொல் என்று வைத்தால் 5 நிமிடத்துக்கு 650 சொல்தான். அதற்குள் மூன்று கருத்துக்கு மேல் அடங்காது. “அவையோர் அனைவருக்கும் என் பணிவான” பாணியில் முக்கால் நிமிடம் வணக்கம் சொன்னால், அது உங்கள் நேரத்திலிருந்துதான் போகும். நேர வரம்பைத் தாண்டினாலும் மார்க் போகும், எட்டாவிட்டாலும் போகும். பயிற்சியை எழுந்து நின்று, வாய்விட்டு, ஸ்டாப்வாட்ச் வைத்துக் குறைந்தது ஐந்து முறை செய்யுங்கள். மனதுக்குள் ஓட்டிப் பார்க்கும்போது வாயைவிட வேகமாக ஓடும், அந்த நேரத்தை நம்ப முடியாது.

ஆதாரத்தை வாயால் சொல்ல வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அவுட்லைனின் கடைசியில் ஏபிஏ என்ற மேற்கோள் முறையில் ஆதாரப் பட்டியல் கொடுத்தது தனி, பேச்சுக்குள் சொல்வது தனி. யார் சொன்னார், அவருக்கு அதில் என்ன தகுதி, எந்த ஆண்டு என்ற மூன்றும் அந்தத் தகவலுக்கு முன்னால் காதில் விழ வேண்டும். இணைய முகவரியை வாசிக்கத் தேவையில்லை. உச்சரிப்பில் தமிழ் வாடை வீசுகிறதே என்ற கவலையையும் விடுங்கள். வேகத்தைக் குறைத்து, கருத்துக்குக் கருத்து ஒரு நொடி நிறுத்தினால் தெளிவாகவே புரியும்.

யூடியூபில் ஏற்றச் சொன்னால், லிங்க் உள்ளவர் மட்டும் பார்க்கும் ‘அன்லிஸ்டெட்’ தேர்ந்தெடுங்கள். ‘பிரைவேட்’ என்று வைத்தால் ஆசிரியரால் திறக்க முடியாது, அனுப்பாததாகவே கொள்வார். சரிபார்க்காத கணக்கில் 15 நிமிடத்துக்கு மேற்பட்ட வீடியோ ஏறாது, ஆனால் இந்த வகுப்புக்கு அது தடையாக இருக்காது. கேன்வாஸிலேயே நேரடியாக ஏற்றச் சொன்னால் மீடியா கோப்புக்கு 500 எம்பி உச்சவரம்பு உண்டு. லிங்க்கை அனுப்பும் முன் உங்கள் கணக்கில் நுழையாத பிரவுசரின் இன்காக்னிட்டோ ஜன்னலில் ஒட்டித் திறந்து பாருங்கள். கடைசி விநாடி வரை ஒலியோடு ஓடினால் அனுப்பலாம். மூலக் கோப்பைப் போனிலிருந்து அழிப்பது மார்க் வந்த பிறகு.