‘கிரேட் ஒயிட் ஹோப்’: இதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

1970இல் வெளிவந்த ‘தி கிரேட் ஒயிட் ஹோப்’ படத்தைப் பெயரை மட்டும் கேட்டுவிட்டுப் பார்க்க உட்கார்ந்தால் ஒரு குழப்பம் வரும். கதாநாயகன் ஜாக் ஜெஃபர்சன் கறுப்பர், ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன். ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸ் நடித்த அந்தப் பாத்திரத்துக்கும் ‘ஒயிட்’டுக்கும் என்ன சம்பந்தம்? பெயரில் இருப்பவர் அவரல்ல, அவரை வீழ்த்த வரவேண்டிய ஆள். கதாநாயகனின் எதிரிகள் எதற்காக ஏங்கினார்களோ, அதையே படத்துக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள்.

ஹோவர்ட் சாக்லர் எழுதிய நாடகத்திலிருந்து வந்த படம் இது. நாடகம் 1967இல் வாஷிங்டனில் அரங்கேறி, அடுத்த ஆண்டு பிராட்வேக்குப் போய், 1969இல் புலிட்சர் பரிசும் வாங்கியது. ஜெஃபர்சன் பாத்திரத்துக்கு முன்மாதிரி, டெக்சாஸ் மாநிலத்து கால்வெஸ்டனில் 1878இல் பிறந்த ஜாக் ஜான்சன். நம் சொல்லும் அவர் கதையிலிருந்து பிறந்ததுதான்.

சின்ன எடைப் பிரிவுகளில் கறுப்பர்கள் சாம்பியனாவதை அன்றைய அமெரிக்கா ஒருவழியாகச் சகித்துக்கொண்டது. ஜார்ஜ் டிக்சனும் ஜோ கான்ஸும் பட்டம் வென்றிருந்தார்கள். ஹெவிவெயிட் மட்டும் வேறு. அந்தப் பட்டத்தை வைத்திருப்பவன் உலகிலேயே பலசாலி என்று பேர். அதனால் 1892இலேயே ஜான் எல். சல்லிவன், கறுப்பருடன் மோதமாட்டேன் என்று பகிரங்கமாகச் சொன்னார். பின்னால் வந்த சாம்பியன் ஜிம் ஜெஃப்ரீஸும் அதே வழி. இதற்குக் ‘கலர் லைன்’ என்று பெயர். ‘நிறத்தடை’ என்றால் தமிழில் சரியாகவே இருக்கும்.

அந்தத் தடை சிட்னியில் உடைந்தது. 30,000 டாலர் கிடைக்கும் என்றதும் அப்போதைய ஹெவிவெயிட் சாம்பியன், கனடாக்காரர் டாமி பர்ன்ஸ், ஜான்சனுடன் மோதச் சம்மதித்தார். 1908 டிசம்பர் 26 அன்று, பதினான்காவது சுற்றில் போலீஸ் குறுக்கிட்டுச் சண்டையை நிறுத்த வேண்டியிருந்தது; பட்டம் ஜான்சனுக்குப் போனது. ஓரத்தில் உட்கார்ந்து பார்த்த எழுத்தாளர் ஜாக் லண்டன், ஓய்வுபெற்றுப் பண்ணையில் இருக்கும் ஜெஃப்ரீஸ் வெளியே வந்து ஜான்சனின் முகத்திலிருந்து அந்தச் சிரிப்பைத் துடைத்தெறிய வேண்டும் என்று எழுதினார். ‘ஒயிட் ஹோப்’ என்ற சொல்லை உருவாக்கியவரே அவர்தான் என்பார்கள். அந்த ஏக்கத்தை முதலில் உரக்கச் சொன்னவர்களில் அவர் ஒருவர்; பத்திரிகைகள் எடுத்துப் புழங்கப் புழங்கத்தான் அது நிலைத்த சொல்லானது.

ஜெஃப்ரீஸ் தோல்வியே காணாமல் 1905இல் ஓய்வுபெற்றவர். அப்புறம் உடம்பு ஏகத்துக்கும் பெருத்துவிட்டது. ஏறக்குறைய 45 கிலோவைக் கரைத்துவிட்டுத்தான் 1910 ஜூலை 4 அன்று ரீனோ நகரில் கோதாவில் இறங்கினார். பதினைந்தாவது சுற்றில் கதை முடிந்தது. செய்தி பரவிய அன்று பல ஊர்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்களும் போயின. ஜெஃப்ரீஸ் அடிவாங்கும் படச்சுருளை யாரும் பார்க்கக் கூடாதென்று நகரம் நகரமாகத் தடை. 1912இல் குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாதென்று அமெரிக்க நாடாளுமன்றம் சட்டமே போட்டது.

சொல் பன்மையானது இதற்குப் பிறகுதான். ஆறடிக்கு மேல் வளர்ந்த வெள்ளையன் எங்கே கிடைத்தாலும் கையுறை மாட்டி ‘ஒயிட் ஹோப்’ ஆக்கினார்கள். ரயில் எஞ்சின் ஓட்டிய கார்ல் மாரிஸ் அப்படி வந்தவர். 1913 ஜனவரியில் லூதர் மக்கார்ட்டி என்ற இளைஞர் ‘வெள்ளையர் ஹெவிவெயிட் பட்டம்’ என்று தனியாக ஒன்றை வென்றார். அதே ஆண்டு மே மாதம் கனடாவின் கால்கரியில் சண்டை மேடையிலேயே இறந்துபோனார். ஜான்சனை முஷ்டியால் வீழ்த்த முடியாத அந்த இடைக்காலத்தில் சட்டம் துணைக்கு வந்தது. வெள்ளைக்காரப் பெண் ஒருவரை ஒழுக்கக்கேடான நோக்கத்தோடு மாநிலம் கடந்து அழைத்துப்போனார் என்று மான் சட்டத்தின்கீழ் வழக்கு. வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி குற்றவாளி என்றது. ஜான்சன் நாட்டை விட்டு ஓடினார். (மன்னிப்பு வந்தது 2018இல், அவர் இறந்து 72 ஆண்டு கழித்து.) கடைசியில் 1915இல் ஹவானாவில், 26ஆவது சுற்றில், ஜெஸ் வில்லர்ட் பட்டத்தைப் பறித்தார். அடுத்த கறுப்பின ஹெவிவெயிட் சாம்பியனாக ஜோ லூயிஸ் வர 1937 ஆகிவிட்டது.

சரி, தமிழுக்கு வருவோம். ‘மாபெரும் வெள்ளை நம்பிக்கை’ என்று சொல்லுக்குச் சொல் வைத்தால் பொருள் கெட்டுவிடும். தமிழில் குணத்துக்கு ‘வெள்ளை’ என்றால் கள்ளமற்றது. வெள்ளை மனசு, வெள்ளைச் சிரிப்பு. ‘வெள்ளை நம்பிக்கை’ என்பது ஏதோ குழந்தைத்தனமான நம்பிக்கை போல ஒலிக்கும். இங்கே வேற்றுமை உருபு அவசியம்: ‘வெள்ளையரின்’. ஆங்கிலம் நிறத்தை அடைமொழியாக்கி மழுப்புகிறது. ஏங்குவது யார் என்பதைத் தமிழ் சொல்ல வைத்துவிடுகிறது. எனக்கு இதில் ஒரு திருப்தி உண்டு.

அடுத்தது ‘ஹோப்’. விளையாட்டுப் பக்கங்களில் புழங்கும் ‘நம்பிக்கை நட்சத்திரம்’ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. ஆனால் அது பாராட்டு. பதினெட்டு வயதுப் பந்துவீச்சாளருக்குப் பொருந்தும். ஒயிட் ஹோப் என்பதில் பாராட்டை விடப் பதற்றம்தான் அதிகம். ‘இனமானக் காவலர்’ என்றால் இன்னும் மோசம். ‘இனமானம்’ நம் அரசியலில் ஒடுக்கப்பட்ட பக்கத்திலிருந்து எழுந்த சொல், அதை எதிர்ப்பக்கத்துக்குக் கொடுப்பதாகிவிடும். ‘உன்னைத்தான் மலைபோல் நம்பியிருக்கிறோம்’ என்போமே, அந்தத் தொனிதான் வேண்டும். ‘வெள்ளையரின் ஆபத்பாந்தவன்’ என்பது என் தேர்வு. அந்தச் சொல்லை இன்று பாதிக் கிண்டலாகத்தானே பயன்படுத்துகிறோம்? அந்தக் கிண்டலும் இங்கே தேவை. வடமொழி வேண்டாம் என்பவர்களுக்கு ‘வெள்ளையரின் கடைசி நம்பிக்கை’ இருக்கிறது.

இன்று ஆங்கிலத்தில் கட்சியையோ அணியையோ கரைசேர்ப்பார் என்று எதிர்பார்க்கப்படும் யாரையும் இப்படிச் சொல்லிவிடுகிறார்கள். 2009இல் கன்சாஸ் மாநிலத்துக் குடியரசுக் கட்சி உறுப்பினர் லின் ஜென்கின்ஸ், தம் கட்சி ஒரு ‘கிரேட் ஒயிட் ஹோப்’பைத் தேடுவதாகப் பேசி மாட்டிக்கொண்டார். அப்போது அதிபர் ஒபாமா. இனத்தை மனத்தில் வைத்துச் சொல்லவில்லை என்று விளக்கம் வந்தது. இப்படியொரு செய்தியைத் தமிழாக்கும்போது ‘வெள்ளையரின்’ என்பதை விடக் கூடாது; விட்டால் எதற்குச் சர்ச்சை என்றே வாசகருக்குப் புரியாது. வெறும் தேர்தல் கணக்கு பேசும் செய்தியாக இருந்தால் ‘கட்சியின் கடைசி நம்பிக்கை’ போதும்.