கண்ணாடிப் போத்தலில் வந்தால் பால் சுத்தமா?

இந்த மாதம் இது மூன்றாவது பிள்ளை. ஒன்றரை வயது, வயிற்றோட்டம், காய்ச்சல். கொழும்பு வெள்ளவத்தையில் என் கிளினிக்குக்குத் தூக்கி வந்த அம்மம்மா சொன்னார்: "வீட்டுக்கே கொண்டுவந்து தாற பசும்பால் டொக்டர். கண்ணாடிப் போத்தல், நல்ல சுத்தம். காய்ச்சினா சத்துப் போயிடும் எண்டு அப்பிடியே குடுத்தன்."

2022இல் பால்மாவுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு என்னிடம் வருகிற பல வீடுகள் பசும்பாலுக்கு மாறின. நல்லதுதான். ஆனால் போத்தலைப் பார்த்துப் பாலை நம்பாதீர்கள்.

ஒரு காலத்தில் பால்காரர் திறந்த பாத்திரத்தில் இருந்து வாசலில் அளந்து ஊற்றினார். தெருத்தூசியும் கூடவே விழுந்தது. அமெரிக்காவில் ஹார்வி தாட்சர் 1884இல் மூடியுள்ள கண்ணாடிப் போத்தலைக் கொண்டுவந்தபோது தூசி நின்றது. மாட்டிலிருந்தே பாலோடு வருகிற காசநோய்க் கிருமியும், விட்டுவிட்டுக் காய்ச்சல் தருகிற புருசெல்லா என்ற கிருமியும் நிற்கவில்லை. சிகாகோ நகரம் பாலைப் பாஸ்டரைஸ் செய்ய, அதாவது கிருமி சாகும்படி சூடாக்க, சட்டம் போட்டது 1908இல். போத்தல் வந்து 24 வருடம் கழித்து! இங்கே வீட்டுக்கு வருவதோ பெரும்பாலும் பழைய சாராயப் போத்தல். அந்த ஒடுங்கிய கழுத்துக்குள் எந்தத் தூரிகை நுழையும்?

சரி, சத்துக்கு வருவோம். இதைச் சொல்லிச் சொல்லியே களைத்துவிட்டேன். காய்ச்சினாலும் கல்சியம் அப்படியே இருக்கும். புரதமும் உடம்புக்குக் கிடைக்கும். விற்றமின் சியும் பி1உம் கொஞ்சம் குறையும். விற்றமின் சிக்காக யாராவது பால் குடிப்பார்களா? ஒரு கொய்யாப்பழம் கொடுங்கள், போதும். பாஸ்டரைஸ் செய்ய 72 பாகையில் 15 விநாடிதான். உங்கள் அடுப்பு அதைத் தாராளமாகச் செய்யும்.

பால் வந்ததும் உள்ளே எடுங்கள். கேற்றில் தொங்கவிட்டால் சூட்டில் கிருமி பெருகும். கண்ணாடிக்குள் வெயில் பட்டால் ரைபோஃபிளேவின் என்கிற விற்றமின் பி2உம் அழியும். கிளறியபடி நன்றாகப் பொங்கக் காய்ச்சுங்கள். ஆறியதும் ஃப்ரிட்ஜில் வையுங்கள். ஒரு வயதுக்குள் பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கவே கூடாது, காய்ச்சினாலும்தான்.

அம்மம்மாமாரே, உங்கள் அன்பில் குறை சொல்லவில்லை. தயவுசெய்து அடுப்பில் ஒருமுறை வையுங்கள். ஏற்கனவே காய்ச்சாமல் குடித்தவர்களுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் வியர்வை, மூட்டுவலி என்று இருந்தால், டொக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் "பச்சைப்பால் குடித்தோம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். புருசெல்லாவுக்கான இரத்தப் பரிசோதனையை அப்போதுதான் நாங்கள் எழுதுவோம்.