ஆர்க்கிடெக்ட் என்றால் பெருந்தச்சன்

‘ஆர்க்கிடெக்ட்’டுக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் கட்டடக் கலைஞர், கட்டட வடிவமைப்பாளர் என்று இரண்டு பதில் வரும். (கட்டடமா கட்டிடமா என்ற சண்டையை இங்கே இழுக்க வேண்டாம்.) இரண்டுமே தப்பில்லை. ஆனால் இந்தச் சொல்லின் பூர்வீகத்தைத் தோண்டிக்கொண்டே போனால் அது நம் வீட்டு வாசலில் வந்து நிற்கிறது.

கிரேக்கத்தில் ‘ஆர்க்கி’ என்றால் தலைமை, ‘டெக்டோன்’ என்றால் தச்சன். சேர்த்தால் தலைமைத் தச்சன். லத்தீனுக்கும் பிரெஞ்சுக்கும் போய்ச் சுற்றிவிட்டு 16ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்கு வந்தது. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் யோசேப்பின் தொழிலும் இதே டெக்டோன்தான், தமிழ் பைபிளில் ‘தச்சனுடைய குமாரன்’ என்று இருக்கிறதே, அது. இன்னும் வேடிக்கை, டெக்டோனும் சமஸ்கிருத ‘தக்ஷன்’னும் ஒரே வேரில் பிறந்தவை, நம் தச்சன் அந்த வழியில் வந்தவன் என்பது மொழியியலாளர் பலரின் கருத்து. இல்லை, ‘தை’ என்ற வினையிலிருந்து வந்த தனித்தமிழ்ச் சொல் என்று வாதிடுபவர்களும் உண்டு. எப்படியானாலும் புறநானூற்றிலேயே தேர் செய்யும் தச்சன் வந்துவிடுகிறான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லன் என்பவருக்கு ‘இராஜராஜப் பெருந்தச்சன்’ என்று பட்டம். ஆர்க்கி டெக்டோன், பெருந் தச்சன். அச்சு அசலாக ஒன்று.

பெருந்தச்சன் என்றதும் எனக்கு நினைவு வருபவர் அமெரிக்கக் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட். 1867இல் விஸ்கான்சினில் பிறந்து, அங்குள்ள பல்கலைக்கழகத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, பட்டம் வாங்காமலே சிகாகோவுக்குக் கிளம்பிவிட்டார். அன்றைக்கு அது குறையே இல்லை, ஆர்க்கிடெக்ட்டுக்கு உரிமம் வேண்டும் என்று அமெரிக்காவில் முதலில் சட்டம் போட்ட மாநிலம் இலினாய், அதுவும் 1897இல்தான். 1888இல் சிகாகோவின் பேர்பெற்ற கட்டடக் கலைஞர் லூயிஸ் சல்லிவனிடம் சேர்ந்து தொழில் படித்தார். முதலாளிக்குத் தெரியாமல் வெளியாட்களுக்கு வீடு வரைந்து கொடுத்து 1893இல் வெளியேற நேர்ந்தது, ஆனாலும் சல்லிவனை ‘லீபர் மைஸ்டர்’ என்றே சொல்லிவந்தார். ஜெர்மனில் அன்புக்குரிய ஆசான் என்று பொருள்.

அப்புறம் 1932இல் விஸ்கான்சினில் இருந்த தன் டாலியெசின் வீட்டில் தானே ஒரு குருகுலம் வைத்தார். சேர்ந்த பிள்ளைகளுக்கு வரைபடம் மட்டுமில்லை, வயல்வேலை, சமையல், கல் அடுக்குவது எல்லாம் உண்டு. (சம்பளம் கிடையாது, பிள்ளைகள்தான் பணம் கட்டினார்கள்!)

விஸ்கான்சினின் ரசீன் நகரில் ஜான்சன் வாக்ஸ் நிறுவனத்தின் அலுவலகத்துக்கு அவர் போட்ட தூண் அடியில் 9 அங்குல விட்டம், உச்சியில் 18 அடிக்கும் அதிக விட்டத்தில் அல்லி இலை மாதிரி விரியும். கட்டட அனுமதி தரும் அதிகாரிகள் நம்பவில்லை. 1937இல் மாதிரித் தூண் ஒன்றை நிறுத்தி எடை ஏற்றிப் பார்த்தார்கள், 12 டன் தாங்கினால் போதும் என்றிருந்தது, 60 டன் வரை தாங்கியது. எப்போதும் இப்படி ஜெயித்தார் என்றில்லை, ஓடை மேல் நீட்டிக் கட்டிய ஃபாலிங்வாட்டர் வீட்டின் மாடங்கள் தொய்ந்துபோய், 2002இல் கம்பிவடம் கட்டி இழுத்து நிறுத்த வேண்டியிருந்தது. நியூயார்க்கின் குக்கன்ஹைம் அருங்காட்சியகம் 1959 அக்டோபரில் திறந்தபோது அவர் இல்லை, ஏப்ரலிலேயே 91 வயதில் போய்விட்டார்.

சரி, எதை எழுதுவது? செய்திக்கும் படிவத்துக்கும் கட்டடக் கலைஞர் போதும், எல்லோருக்கும் புரியும். ஸ்தபதி கோயில் கட்டுபவருக்கே பொருந்தும். ஆனால் கையால் தொழில் கற்றுத் தலைமை ஏற்றவரைச் சொல்லும்போது பெருந்தச்சர் என்று துணிந்து போடலாம். சாப்ட்வேர் ஆர்க்கிடெக்ட்டும் மென்பொருள் பெருந்தச்சர்தான். சிரிப்பு வருகிறதா? பழைய கிரேக்கர் ஒருவர் காதில் அந்த ஆங்கிலப் பதவிப் பெயர் விழுந்தாலும் இதே சிரிப்புதான் வரும்.