2000 வார்த்தை என்று யார் சொன்னது?

போன வாரம் பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து ஒரு தம்பி தன் தொடர்கதையின் பதினான்காம் எபியை, அதாவது எபிசோடை, எடிட்டிங்குக்கு அனுப்பினார். கதாநாயகிக்குப் பன்னிரண்டு வருடம் கழித்து அப்பாவிடமிருந்து கடிதம் வந்திருக்கிறது. அதை அவள் பிரிக்க வேண்டும். அவ்வளவுதான் அத்தியாயம். ஆனால் பிரிப்பதற்கு முன் அவள் தெருமுனைக்குப் போய் மோஹிங்கா என்ற பர்மியச் சிற்றுண்டியை வாங்குகிறாள். கடைக்கார அம்மா சேமியாவின் மேல் மீன்குழம்பை ஊற்றுகிறார். வாழைத்தண்டு மிதக்கிறது. முட்டையை நறுக்கிப் போடுகிறார், எலுமிச்சை பிழிகிறார், மிளகாய்த்தூள் போடட்டுமா என்கிறார். வேண்டாம் என்கிறாள். அப்புறம் கொஞ்சம் போடுங்கள் என்கிறாள். எண்ணிப் பார்த்தேன், 640 வார்த்தை. கடிதம் இன்னும் இடுப்பில் செருகியபடியே இருக்கிறது.

"தம்பி, இந்த மோஹிங்கா எதற்கு?" என்று கேட்டேன்.

"அக்கா, ஒரு எபி 2000 வார்த்தைக்குக் குறையக் கூடாதாமே. எனக்கு 1300தான் வந்தது."

இந்த வருடம் இப்படிச் சொன்னவர்களில் இவர் ஆறாவது ஆள். ரங்கூனில் உட்கார்ந்து தொடர்கதைகளைத் திருத்திக்கொடுப்பதுதான் என் பிழைப்பு. எழுத்துப்பிழை, சந்திப்பிழை எல்லாம் எனக்குச் சலிப்பதில்லை. இந்த 2000தான் சலிக்கிறது. அதனால் ஒருமுறை எழுதிவைத்துவிடுகிறேன், இனி கேட்பவர்களுக்கு இதையே அனுப்பலாம்.

அந்த எண் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது. ஆங்கிலத்தின் வார்த்தையும் நம் வார்த்தையும் ஒரே அளவா? 'போய்க்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம்' என்று எழுதுங்கள். கணினி அதை ஒரு வார்த்தை என்கிறது. இதையே ஆங்கிலத்தில் சொல்ல ஆறு வார்த்தையாவது வேண்டும். 'என்னால் வரமுடியவில்லையாம்' என்று யாரோ புறம் சொன்னதை நாம் இரண்டே வார்த்தையில் முடிக்கிறோம். உருபு, காலம், இடம், எதிர்மறை, கேள்விப்பட்டது என்ற தொனி எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டுகிற மொழி நம்முடையது. என் கைக்கணக்கில் தமிழில் 1300 வார்த்தை என்பது ஆங்கிலத்தில் 2000ஐத் தொட்டுவிடும். அந்தத் தம்பி தனக்கே தெரியாமல் சரியான அளவில் முடித்திருந்தார். அதன் மேல்தான் மோஹிங்காவை ஊற்றினார்.

இன்னொன்றும் இருக்கிறது. 'போய்க் கொண்டிருந்தவர்களுக்கு எல்லாம்' என்று பிரித்து எழுதினால் அதே சொல் மூன்றாக எண்ணப்படும். கதை ஓர் அங்குலம் நகரவில்லை, எண்ணிக்கை மட்டும் மூன்று மடங்கு. இடைவெளி விடுகிற பழக்கம் ஆளுக்கு ஆள் வேறு. ஒருவருடைய 1500 இன்னொருவருக்கு 1200. இப்படிப்பட்ட அளவுகோலை வைத்துக்கொண்டா தூக்கம் கெடுகிறீர்கள்?

எங்கள் மாடிக்கு மேலே பர்மிய மொழியில் கதை எழுதும் ஒரு பெண் இருக்கிறார். பர்மிய எழுத்தில் வார்த்தைக்கு வார்த்தை இடைவெளி விடும் வழக்கமே கிடையாது, சொற்றொடர் முடியும் இடத்தில்தான் விடுவார்கள். 'உங்கள் அத்தியாயம் எத்தனை வார்த்தை?' என்று கேட்டதற்கு அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். 'எத்தனை பக்கம் என்று கேளுங்கள்' என்றார். நிம்மதியான ஜென்மம்.

சரி, இந்த எண்கள் எங்கிருந்துதான் வருகின்றன? பெரும்பாலும் கல்லாப்பெட்டியிலிருந்து. அமேசான் 2021இல் தொடங்கி 2025 பிப்ரவரியில் மூடிய கிண்டில் வெல்லா என்ற தொடர்கதைத் தளத்தில் ஓர் அத்தியாயம் 600 முதல் 5000 வார்த்தைக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. 100 வார்த்தைக்கு ஒரு டோக்கன் என்று வாசகரிடம் வசூலித்தார்கள். சீனாவின் சிதியான் என்ற இணையக்கதைத் தளம் 2003 முதல் 1000 எழுத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறது. அங்கே எழுதுகிறவர் நீட்டினால் வரும்படி நீளும். ஆங்கில நாவலாசிரியர் டிக்கன்ஸ் 1836இல் மாதத் தொகுதிகளாகக் கதை வெளியிட்டபோது, மூன்றாவதிலிருந்து ஒவ்வொன்றும் 32 பக்கம். அது அச்சுத்தாளை மடிக்கிற கணக்கு. இவற்றில் எதுவும் கதையின் தேவையிலிருந்து பிறந்ததல்ல. உங்களுக்கு வார்த்தைக்குக் காசு தருகிறவர் யாராவது உண்டா? இருந்தால் என்னிடமும் சொல்லுங்கள்.

'கல்கி பக்கம் பக்கமாக எழுதவில்லையா அக்கா?' என்பார்கள் உடனே. எழுதினார். பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை வாரப் பத்திரிகையில் வந்தது. ஐந்து பாகம், 300ஐ நெருங்கும் அத்தியாயங்கள். எடுத்துப் பாருங்கள், எல்லாம் ஒரே நீளமா? ஒரு விஷயம் முடிந்த இடத்தில் முடிகிறது, இன்னொன்று ஓர் ஆள் கதவைத் தட்டும் இடத்தில். வாசகர் கையில் ஏழு நாள் இருந்தது, ஒரே இதழைக் குடும்பமே படித்தது. உங்கள் வாசகர் வேறு ஆள்.

அவரைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். இங்கே கரண்ட் முறை வைத்துத்தான் வருகிறது. வந்தவுடன் தண்ணீர் மோட்டார், அப்புறம் அரிசி, அப்புறம் ஃபோன் சார்ஜ். அந்த நேரத்தில் உங்கள் எபியைத் திறந்து வைத்துவிட்டு, கரண்ட் போனபின் இருட்டில் படிக்கிறவர்களை எனக்குத் தெரியும். பேட்டரி 20 சதவீதம் இருக்கும். அவர் படித்து முடிக்கிற அளவுக்கு இருக்க வேண்டாமா உங்கள் அத்தியாயம்? பாதியில் மூடினால் அடுத்த நாள் விட்ட இடத்தைத் தேடி ஸ்க்ரோல் செய்ய யாருக்கும் பொறுமை இல்லை.

என் வழி இதுதான்: வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். நான் படித்தால் தமிழில் 1000 வார்த்தைக்குப் பத்து நிமிடம் ஆகிறது. பத்திலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் ஒரு விஷயம் மாறியிருந்தால் அது ஓர் அத்தியாயம். தொடங்கும்போது தெரியாத ஒன்று முடியும்போது தெரிந்திருக்க வேண்டும், அல்லது இருந்த ஒன்று போயிருக்க வேண்டும். எதுவும் மாறாமல் பதினைந்து நிமிடம் போனால் அது மோஹிங்கா. ஐந்தாம் நிமிடத்திலேயே மாறிவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள், ஒன்றும் குடி முழுகாது.

முதல் எபியை மட்டும் கொஞ்சம் சின்னதாக வைக்கலாம். புது ஆள் வாசலில் நிற்கிறார், உட்காரச் சொல்லுமுன் ஊர்க்கதை வேண்டாம். சண்டை, சாவு, கல்யாணம் வருகிற எபி நீண்டால் நீளட்டும், யாரும் திட்ட மாட்டார்கள். ஆனால் ஒரு வாரம் 400, மறுவாரம் 3500 என்று ஆடாதீர்கள். வாசகர் அதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கி வைத்திருக்கிறார், அதை மதியுங்கள். ஃபோனில் நூறு வார்த்தைப் பத்தி ஒன்று திரையை அடைத்துக்கொள்ளும், பத்தியை உடையுங்கள். தொடரைத் தொடங்குமுன் பத்து எபியாவது எழுதிக் கையிருப்பில் வையுங்கள். இல்லாவிட்டால் நெட் இல்லாத வாரத்தில் அவசரத்துக்கு 250 வார்த்தையில் 'குட்டி யூடி' (அப்டேட்) போடத் தோன்றும். ஓர் ஆள் படியேறுகிறார், தொடரும். மறுநாள் கதவைத் திறக்கிறார், தொடரும். தயவுசெய்து வேண்டாம். அது சஸ்பென்ஸ் இல்லை, படிக்கட்டு.

'எபி சின்னதா இருக்கே சிஸ்' என்று வாசகர் சொன்னால் பதறி நீட்டாதீர்கள். இன்னும் வேண்டும் என்றுதான் அதற்கு அர்த்தம். பயப்பட வேண்டியது எதுவுமே சொல்லாமல் நழுவுகிற வாசகருக்குத்தான்.

மோல்மேன் தம்பியிடம் இதையெல்லாம் ஒரு மணி நேரம் பேசினேன். முந்தாநாள் இரவு அங்கே கரண்ட் வந்தபோது புதிதாக எழுதி அனுப்பினார். மோஹிங்கா போய்விட்டது. ஆனால் அவள் கடிதத்தைப் பிரிக்கிற இடத்துக்குக் கடைக்கார அம்மா வந்து எட்டிப் பார்க்கிறார், அந்த ஒரு வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது, நன்றாகவும் இருக்கிறது. மொத்தம் 940 வார்த்தை. உறையிலிருந்து இரண்டாவதாக ஒரு தாள் விழுகிறது. அதிலிருப்பது அப்பாவின் கையெழுத்து இல்லை. அங்கே முடித்துவிட்டார்.

'ரொம்பச் சின்னதாகிவிட்டதோ அக்கா?' என்று கேட்டிருந்தார். அதற்குப் பதில் சொல்லாமல், அந்த இரண்டாவது தாளை எழுதியது யார் என்று கேட்டேன்.

'அது அடுத்த எபியில்' என்கிறார் பாவி.