"கொஞ்ச நேரம் நீ பிடி": விமானி அல்லாதவர் கையில் ஸ்டிக்

ராணுவ விமானத்தில் பறக்கிறவர் என்றாலே விமானி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். ஏஎன்-32 மாதிரி ஒரு சரக்கு விமானத்தில் இரண்டு விமானிகளோடு, வழி கணித்துச் சொல்லும் நேவிகேட்டர், எஞ்சின்களைக் கவனிக்கும் ஃப்ளைட் இன்ஜினியர், பின்பக்கம் சரக்கைக் கவனிப்பவர் என்று ஒரு குழுவே போகும். பணிக்காலம் முழுக்கப் பறந்தும், விமானத்தை ஓட்டும் பிடியான ஸ்டிக்கைத் தொடாமலே ஓய்வு பெறுகிறவர்கள் இவர்களில் உண்டு. நான் நேவிகேட்டராக இருந்து, பிறகு விமானக் குழுக்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்தவன். வகுப்பில் தவறாமல் ஒருவர் எழுந்து கேட்பார்: "சார், எங்களுக்கும் கொஞ்சம் ஓட்டச் சொல்லிக்கொடுத்தால் என்ன?"

சொல்லிக்கொடுக்க வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நீண்ட பயணத்தில் அலுப்புத் தீர "கொஞ்ச நேரம் நீ பிடி" என்று கையில் கொடுத்துவிட்டு விமானி காபி குடிக்கும் பழக்கம் இருக்கிறதே, அதில் எனக்கு உடன்பாடில்லை. அதில் கற்றுக்கொள்வது குறைவு. கற்றுக்கொண்டுவிட்டோம் என்ற நினைப்பு மட்டும் நன்றாக வளரும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் நான் முதலில் எடுப்பது 1944 பிப்ரவரி 20. அமெரிக்க பி-17 குண்டுவீச்சு விமானங்கள் இங்கிலாந்திலிருந்து ஜெர்மனியின் லைப்சிக் நகரை நோக்கிப் போகின்றன. அவற்றில் ஒன்றை எதிரிப் போர் விமானங்கள் தாக்கின. துணை விமானி அங்கேயே இறந்துவிட்டார். விமானி படுகாயத்தோடு நினைவிழந்து கிடந்தார். குழுவில் மிச்சம் இருந்தவர்களில் விமானி என்று யாரும் இல்லை. இன்ஜினியரும் கன்னருமான (துப்பாக்கி இயக்குபவர்) ஆர்ச்சிபால்ட் மேதிஸும் நேவிகேட்டர் வால்டர் ட்ரூம்பரும் பொறுப்பை ஏற்றார்கள். அடிபட்ட விமானத்தைக் குழுவினர் மாறி மாறிப் பிடித்து, போல்ப்ரூக் தளம் வரைக்கும் கொண்டுவந்து சேர்த்துவிட்டார்கள். மற்றவர்கள் தளத்துக்கு மேலே பாராசூட்டில் குதித்துத் தப்பினார்கள். இவர்களையும் குதிக்கச் சொல்லித்தான் கீழேயிருந்து உத்தரவு வந்தது. விமானிக்கு இன்னும் உயிர் இருக்கிறது, விட்டுவிட்டு வரமாட்டோம் என்றார்கள். இரண்டு முறை இறக்கப் பார்த்து முடியவில்லை. மூன்றாவது முறை வயலில் மோதி மூவரும் இறந்தார்கள். இருவருக்கும் அமெரிக்காவின் உயரிய வீர விருதான மெடல் ஆஃப் ஹானர் மரணத்துக்குப் பின் வழங்கப்பட்டது.

அவர்களுடைய வீரத்தைப் பற்றி நான் புதிதாக எதுவும் சொல்லத் தேவையில்லை. வகுப்பில் நான் காட்ட விரும்புவது வேறு. ஜெர்மனியிலிருந்து இங்கிலாந்து வரைக்கும் விமானத்தை ஓட்டி வர அவர்களால் முடிந்தது. கடைசிச் சில நிமிடங்கள்தான் முடியவில்லை. நேராக, மட்டமாகப் பறப்பது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டுவிடும். வேகத்தைக் குறைத்து, சரியான சரிவில் இறங்கி, தரைக்குச் சற்று மேலே மூக்கைத் தூக்கி உட்கார வைப்பது முற்றிலும் வேறு வேலை. "நான் ஓட்டியிருக்கிறேன்" என்று நம்மில் ஒருவர் சொல்லும்போது, அது அநேகமாக முதல் வகை மட்டும்தான்.

பிரிட்டனின் குண்டுவீச்சுப் படைப்பிரிவான பாம்பர் கமாண்ட் அதே இரண்டாம் உலகப் போரில் இந்தக் கணக்கை நன்றாகவே போட்டிருந்தது. 1942-இல் கனரகக் குண்டுவீச்சு விமானங்களில் இரண்டாவது விமானியை எடுத்துவிட்டார்கள். விமானிகளைத் தயார் செய்ய அவ்வளவு காலம் பிடித்தது. அந்த இடத்துக்கு ஃப்ளைட் இன்ஜினியர் வந்தார். லான்காஸ்டர் குண்டுவீச்சு விமானத்தில் ஏழு பேர் பறந்தார்கள், விமானி ஒருவர்தான். அவருக்கு ஏதாவது ஆனால் வீட்டுத் திசைக்கு நேராகப் பிடித்து வரும் அளவுக்கு இன்ஜினியருக்குக் கொஞ்சம் பயிற்சி கொடுத்தார்கள். சொந்த நாட்டுக்கு மேலே வந்துவிட்டால் குதித்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு. இறக்குவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. நியாயமான கணக்கு.

ஆனால் லான்காஸ்டரில் ஒரே ஒரு ஜோடிக் கட்டுப்பாடுதான். அதாவது, கனத்த பறக்கும் உடையோடு நினைவில்லாமல் சரிந்து கிடக்கும் விமானியை இருட்டில், குறுகிய இடத்தில், இருக்கையிலிருந்து முதலில் வெளியே இழுத்தாக வேண்டும். இதை நான் வகுப்பில் வேண்டுமென்றே நீட்டிச் சொல்வேன். இரண்டு விமானி இருக்கை உள்ள இன்றைய விமானங்களிலும் முன்னால் சாய்ந்து ஸ்டிக்கின் மேல் விழுந்த ஒருவரைப் பின்னுக்கு இழுத்து, பட்டையை இறுக்கிப் பூட்டுவது லேசான காரியம் இல்லை. தரையில் எஞ்சின் அணைத்த விமானத்தில் ஒரு தடவை செய்து பார்த்தால் புரியும். ஸ்டிக்கைப் பிடிக்க ஆசைப்படுகிறவர்களில் இதை ஒத்திகை பார்க்கக் கேட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம்.

சிறிய அனுபவம்கூட உயிரைக் காக்கும் என்பதற்கு எனக்குப் பிடித்த கதை 1966 ஜூலை 22-இல் இங்கிலாந்தின் லைனெம் தளத்தில் நடந்தது. வால்டர் ஹோல்டன் அங்கே பராமரிப்புப் பிரிவுக்குத் தலைமை வகித்த பொறியாளர். லைட்னிங் போர் விமானம் ஒன்றில் பிடிபடாத மின்கோளாறு. விமானம் ஓட ஆரம்பிக்கும்போது மட்டும் அது தலைகாட்டியது. சோதனை விமானி கையில் இல்லாததால், ஓடுபாதையில் கொஞ்ச தூரம் ஓட்டி நிறுத்திப் பார்ப்போம் என்று ஹோல்டனே உட்கார்ந்தார். வேகத்தைக் கூட்டும் த்ரோட்டிலைக் கொஞ்சம் அதிகமாகத் தள்ளியதில், எஞ்சினுக்குக் கூடுதல் உந்துவிசை தரும் ரீஹீட் பற்றிக்கொண்டது, திரும்ப எடுக்க வரவில்லை. பாதை முடிந்தது. வேறு வழியில்லாமல் மேலே ஏறிவிட்டார். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகம் எட்டக்கூடிய விமானம். காக்பிட்டின் மேல்மூடி இல்லை, வெளியேறும் இருக்கையின் பாதுகாப்பு ஊசிகள் எடுக்கப்படவில்லை. சிப்மங்க், ஹார்வர்ட் போன்ற சிறிய பயிற்சி விமானங்களை மட்டுமே ஓட்டியிருந்த அந்த மனிதர் மூன்றாவது முயற்சியில் இறக்கிவிட்டார்.

அவர் பிழைத்ததற்குக் காரணம் அதிர்ஷ்டம் மட்டும் இல்லை. என்றோ முறையாகப் பறக்கக் கற்று, தானே பல தடவை இறக்கியும் இருக்கிறார். வேகம் எவ்வளவு, உயரம் எவ்வளவு, சரியில்லை என்றால் மறுபடி சுற்றி வா என்ற ஒழுங்கு உள்ளே ஊறியிருந்தது. மற்றபடி, சோதனைக்கு அவர் போய் உட்கார்ந்ததைப் பின்பற்றச் சொல்லி யாருக்கும் நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

நல்ல வானிலையில் கிடைத்த அனுபவம் மேகத்துக்குள் என்ன ஆகும்? அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் 1954-இல் இதைச் சோதித்தார்கள். கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கப் பயிற்சி இல்லாத 20 பேரை, வெளியே எதுவும் தெரியாத நிலையில் ஓட்ட விட்டார்கள். இருபது பேரும் கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 விநாடிகளில். மூன்று நிமிடம்கூட இல்லை. உள்காது "நேராகத்தான் இருக்கிறாய்" என்று சொல்லும், விமானமோ சரிந்து சுழன்று இறங்கிக்கொண்டிருக்கும். நாங்கள் நேவிகேட்டர்கள், கருவிகளைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவர்கள், நமக்கு இது நடக்காது என்று நினைப்போம். நடக்கும். ஒரே கருவியின் முள்ளைத் துரத்திக்கொண்டு மற்றதைக் கோட்டைவிடுவதில் நாங்கள்தான் முதலில் நிற்போம்.

தானாக ஓட்டும் ஆட்டோபைலட் போட்டிருக்கிறது, என்ன ஆகிவிடப் போகிறது என்று கேட்பவர்களுக்கு 1994 மார்ச் 23. மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃப்ளாட் பயணிகள் விமானம் அது. விமானி தன் பதின்ம வயது மகனை இருக்கையில் உட்கார வைத்து யோக்கை (ஸ்டிக் போன்ற கட்டுப்பாட்டுப் பிடி) பிடிக்கவிட்டார். ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருந்தது. பையன் தொடர்ந்து அழுத்தம் கொடுத்ததில், இறக்கைகளைச் சரிக்கும் பகுதியை மட்டும் ஆட்டோபைலட் விட்டுவிட்டது. எச்சரிக்கைச் சத்தம் எதுவும் வரவில்லை, ஒரு விளக்கு மட்டும் எரிந்தது. யாரும் கவனிக்கவில்லை. விமானத்தில் இருந்த 75 பேரும் இறந்தார்கள். அது ராணுவ விமானம் இல்லை, பிடித்தவர் குழு உறுப்பினரும் இல்லை. ஆனால் "சும்மா பிடித்திருக்கிறான், எந்திரம்தான் ஓட்டுகிறது" என்ற அந்த நினைப்பை நான் ராணுவ காக்பிட்டிலும் பார்த்திருக்கிறேன்.

பின் இருக்கையில் இருப்பவருக்குக் கட்டுப்பாடு வேண்டுமா என்பதில் படைகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இருந்ததில்லை. அமெரிக்க விமானப்படையின் எஃப்-4 ஃபான்டமில் பின்னாலும் ஸ்டிக் உண்டு. ஆரம்பத்தில் அங்கே விமானிகளையே உட்கார வைத்து, பிறகுதான் நேவிகேட்டர்களைக் கொண்டுவந்தார்கள். அதே ஃபான்டமை வைத்திருந்த அமெரிக்கக் கடற்படை பின்னால் ஸ்டிக்கே வைக்கவில்லை. வியட்நாம் போரில் அமெரிக்காவின் ஹியூயி ஹெலிகாப்டர் குழுக்கள் விதியைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. முன்னால் இருக்கும் இருவரும் சுடப்படலாம் என்பது கண்ணெதிரே தெரிந்ததால், கன்னர்களுக்கும், ஹெலிகாப்டரைப் பராமரிக்கும் க்ரூ சீஃப்களுக்கும் விமானிகளே கொஞ்சம் கற்றுக்கொடுத்தார்கள். ஹெலிகாப்டரில் முன்னோக்கிப் பறப்பது ஓரளவு எளிது. ஒரே இடத்தில் நிற்க வைப்பதுதான் உயிரை வாங்கும்.

நம்மிடம் சுகோய்-30 எம்கேஐ பின் இருக்கையிலும் கட்டுப்பாடுகள் உண்டு. 2020 ஜனவரியில் தஞ்சாவூரில் அமர்த்தப்பட்ட 222-ஆம் ஸ்குவாட்ரன் இந்த விமானத்தோடுதான் இருக்கிறது. 2022 அக்டோபரில் விமானப்படை ஆயுத அமைப்புகளுக்கென்று தனிக் கிளையை அறிவித்தபோது, இரண்டு பேரும் பல பேரும் பறக்கும் விமானங்களின் ஆயுத அமைப்புகளை இயக்குபவர்கள் அதில் ஒரு பிரிவு. இவர்கள் கூட்டம் பெருகப் பெருக, "ஸ்டிக்கைத் தொடலாமா" என்ற கேள்வியும் பெருகும்.

முறையாகக் கற்ற ஒரு நேவிகேட்டருக்கு உண்மையில் கிடைப்பது என்ன? விமானி விழுந்தால் நான் இறக்குவேன் என்பது அபூர்வத்திலும் அபூர்வம். நாள்தோறும் பயன்படுவது வேறு. இறங்கும் நேரத்தில் விமானியின் கை எவ்வளவு வேலை செய்கிறது என்று ஒரு தடவை உணர்ந்தவர், அந்த நேரத்தில் தேவையில்லாத எண்களை ஒப்பிக்கமாட்டார். வேகம் குறைவதைத் தன் கையில் உணர்ந்திருப்பவர் "வேகம்!" என்று சொல்லத் தயங்கமாட்டார். வகுப்பில் நான் கண்ட பெரிய மாற்றம் இந்தத் தயக்கம் உடைவதுதான். பதவியில் இளையவர் மூத்த விமானியிடம் வாய் திறப்பதற்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியாது.

ஆகவே கேட்பதானால் இப்படிக் கேளுங்கள். முதலில் தரையிலேயே பறந்து பழகும் சிமுலேட்டர். அங்கே இறக்கிப் பாருங்கள், மோதிப் பாருங்கள், மேகத்துக்குள் போய்ப் பாருங்கள். வானத்தில் என்றால் எழுத்தில் அனுமதி, கற்றுக்கொடுக்கத் தகுதி பெற்றவர், இரட்டைக் கட்டுப்பாடு, பயணிகள் இல்லாத விமானம், போதிய உயரம், தெளிந்த வானம். ஆட்டோபைலட்டில் எது ஓடுகிறது, எது ஓடவில்லை என்று பிடிப்பதற்கு முன்பே இருவரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க வேண்டும். "யூ ஹேவ் கன்ட்ரோல்" என்று அவர் சொல்ல, "ஐ ஹேவ் கன்ட்ரோல்" என்று நீங்கள் சொல்லி, அவர் மறுபடி உறுதி செய்யும்வரை கையை வைக்காதீர்கள். அவர் திரும்பக் கேட்ட நொடியில் விட்டுவிடுங்கள், இறுக்கிப் பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். தாழப் பறப்பது, கூட்டமாகப் பறப்பது, ஏறுவது, இறங்குவது எதிலும் உங்களுக்கு இடம் இல்லை.

விமானி சிரித்துக்கொண்டே "யாருக்குத் தெரியப் போகிறது, பிடி" என்றால், "வேண்டாம் சார், சிமுலேட்டரில் நேரம் வாங்கிக் கொடுங்கள்" என்று சொல்லலாம். இதைக் கேட்டு முகம் சுளித்த விமானிகள் உண்டு. அடுத்த வாரமே நேரம் ஒதுக்கிக் கொடுத்தவர்களும் உண்டு.