கொலனோஸ்கோப்பிக்கு வரும்போது மாத்திரைப் பையையும் கொண்டு வாருங்கள்

"சும்மா ஒரு தூக்க ஊசிதானே டாக்டர், அதுக்கு எதுக்கு இத்தனை வயர்?" பெருங்குடலுக்குள் கேமரா குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோப்பி அறையில் மயக்க மருத்துவராக நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நெஞ்சில் ஈசிஜி வயர், விரலில் ஆக்ஸிஜன் கிளிப், கையில் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானாக இறுக்கும் பிரஷர் பட்டை. கேட்கத்தான் தோன்றும்.

படுத்திருப்பவர் எழுந்து நின்றால் அரை லிட்டருக்குக் குறையாமல் ரத்தம் வயிற்றுக்கும் கால்களுக்கும் இறங்கிவிடும். ஆனாலும் நாம் விழுவதில்லை. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் இருக்கும் உணரிகள் அழுத்தம் குறைந்ததை மூளைத்தண்டுக்குச் சொல்ல, அங்கிருந்து தானியங்கி நரம்புகள் வழியாக உத்தரவு வரும். நாடி வேகமெடுக்கும், ரத்தக் குழாய்கள் சுருங்கும். எல்லாம் சில நொடிகளில், நமக்குத் தெரியாமலே.

தூக்க ஊசி இந்த ஏற்பாட்டையும் சேர்த்து மந்தமாக்கிவிடுகிறது. பால் போல வெள்ளையாக இருக்கும் புரொப்போஃபால் உள்ளே போனதும் ரத்தக் குழாய்கள் தளர்ந்து பிரஷர் இறங்கும். 140 இருந்தது 95-க்கு வந்திருக்கும். நியாயமாக நாடி எகிற வேண்டும். அதுவோ 70-லேயே நிற்கும். என் கண் மானிட்டரை விட்டு அகலாததற்குக் காரணம் இதுதான். டெக்ஸ்மெடிடோமிடின் என்ற இன்னொரு தூக்க மருந்தைக் கொடுத்தால் நாடியே குறையும். அந்த நேரம் பார்த்துக் குடலைக் காற்றால் விரிக்கும்போது இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகஸ் நரம்பும் தூண்டப்பட்டால் நாடி 40-க்கும் கீழே போகலாம். நாடியை ஏற்றும் அட்ரோபின் ஊசி கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது அதற்குத்தான். மிடசோலம் அளவாகக் கொடுத்தால் கொஞ்சம் சாது. கீட்டமின் நேர் எதிர், பிரஷரையும் நாடியையும் ஏற்றிவிடும்.

இப்போது வழக்கமாக வரும் நோயாளியைப் பாருங்கள். வயது எழுபதைத் தொட்டிருக்கும், சுகர் பல வருடமாக இருக்கும். அந்தத் தானியங்கி நரம்புகளே சுகரால் பழுதாகியிருக்கலாம். முதல் நாள் பேதி மருந்து குடித்து உடம்பில் நீரும் வற்றியிருக்கும். காலையில் டெல்மிசார்டன் என்ற பிரஷர் மாத்திரை போட்டிருப்பார். ராத்திரி தூக்கம் வராமல் அல்பிரசோலம் ஒன்று போட்டதை மட்டும் சொல்லமாட்டார். "அது சின்ன மாத்திரைதானே சார்!" ஒவ்வொன்றும் தனியாகச் சமாளிக்கக்கூடியதுதான். எல்லாம் ஒரே உடம்பில் சேரும்போதுதான் சிக்கல். எனக்குத் தெரிந்தால் டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டு, மருந்தின் அளவைக் குறைத்து, நிதானமாகக் கொடுப்பேன்.

அதனால் மாத்திரைப் பையை அப்படியே கொண்டு வாருங்கள். குடிப்பழக்கம் இருந்தாலும் சொல்லிவிடுங்கள். யாரும் திட்டப் போவதில்லை. டெல்மிசார்டன், எனலாபிரில் போன்றவற்றை அன்று காலை நிறுத்தச் சொல்வது உண்டு. அதைக் கேட்டு எல்லா பிரஷர் மாத்திரையையும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். மெட்டோபுரொலால், குளோனிடின் போன்றவற்றைத் திடீரென்று விட்டால் நாடியும் பிரஷரும் துள்ளும்.

அப்புறம் வீட்டுக்குப் போன பிறகு. விழித்துப் பேசுகிறார் என்பதால் மருந்து முழுதாக இறங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. அன்று முழுக்க வண்டி ஓட்ட வேண்டாம். எழும்போது கட்டில் விளிம்பில் காலைத் தொங்கப்போட்டு இரண்டு நிமிடம் உட்கார்ந்துவிட்டு எழுங்கள். பாத்ரூமுக்கு யாராவது கூடவே போகட்டும். ஆண்களும் அன்றைக்கு உட்கார்ந்தே சிறுநீர் கழியுங்கள், உள்ளே தாழ்ப்பாள் போட வேண்டாம்.